வேட்பாளர் இல்லாத தேர்தல்

சிஸ்டர், நேற்று சாயங்காலம் அரக்கு உருகும் வாசனையில் உங்கள் நினைவு வந்துவிட்டது. இந்தத் தேர்தலில் எனக்கு அவலூர்பேட்டைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் வாக்குச்சாவடிப் பணி. ஓட்டுப்பதிவு முடிந்து, கட்சி ஏஜெண்டுகள் சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்தார்கள். தலைமை அலுவலர் மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, அரக்குக் குச்சியை அதில் காட்டி, ஓட்டு இயந்திரப் பெட்டியைக் கட்டிய முடிச்சின் மேல் சொட்டவிட்டார். அரக்கும் மெழுகும் சேர்ந்த புகை மூக்கில் ஏறியதும் நம் பள்ளி நூலக அறையும், ஓட்டுப் பெட்டிக்குச் சீல் வைக்க நீங்கள் சிற்றாலயத்திலிருந்து பொறுக்கி வந்த மெழுகுவர்த்தித் துண்டுகளும் ஞாபகம் வந்தன. அழவெல்லாம் இல்லை. போடவேண்டிய கையெழுத்துகள் ஏராளமாக இருந்தன. இன்று லீவு. சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். அவசரமில்லாமல் எழுதலாம். உங்களுக்கும் இப்போது மணி அடித்தால் ஓடவேண்டிய வேலை எதுவும் இல்லை.

நீங்கள் செஞ்சிக்குத் தலைமையாசிரியையாக வந்தபோது நான் அந்தப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்திப் பல வருஷம் ஆகியிருந்தது. இதற்கு முன் எத்தனை சிஸ்டர்களைப் பார்த்திருக்கிறேன் என்கிற மிதப்பு எனக்கு இருந்தது. நீங்கள் தெற்கே கடலோரத்துக்காரர். முதல் நாள் ஆசிரியர் அறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "இதென்ன டீச்சர், யாரோ லாரியில கல்லைக் கொண்டுவந்து கொட்டிட்டு அள்ளாமப் போயிட்டாங்க?" என்றீர்கள்.

"அது மலை சிஸ்டர். மேல கோட்டை இருக்குது பாருங்க."

"கோட்டை தெரியுது. மலையத்தான் தேடுறேன்."

அன்றைக்கே எனக்கு உங்களைப் பிடித்துவிட்டது. நம் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. மூட்டு வலிகூட ஒரே காலில். பதினோரு மணி இடைவேளையில் அந்த ஜன்னலோரம் நின்று டீ குடிப்பது நம் வழக்கம் ஆயிற்று. நான் 'இன்னா சிஸ்டர்' என்றால் நீங்கள் என் குரலிலேயே 'இன்னா டீச்சர்' என்று திருப்பிச் சொல்வீர்கள். கடைசிவரை அந்த 'இன்னா' உங்கள் வாயில் சரியாக உட்காரவில்லை.

அதுவரை நம் பள்ளியில் மாணவர் தலைவியை, பிள்ளைகள் வாயில் எஸ்.பி.எல்., தலைமையாசிரியைதான் நியமிப்பார். உயரமாக இருக்கவேண்டும், ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசவேண்டும், விருந்தாளிக்கு மாலை போடும்போது கை நடுங்கக் கூடாது. நீங்கள் வந்த முதல் ஜூன் மாதமே, "இனிமே பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். நாளைக்கு நாட்டுக்கு ஓட்டுப் போடப் போறவங்க, இங்கயே பழகட்டும்" என்று அறிவித்தீர்கள். சிலர் முகம் சுளித்தார்கள். நான் கை தட்டினேன். உங்கள் மனத்தில் இருப்பது எந்த மாதிரித் தேர்தல் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

உங்களுக்குத் தெரிந்த தேர்தல் உங்கள் கன்னியர் சபையில் நடப்பது. அங்கே தலைவியான மதரை சிஸ்டர்களே ரகசிய ஓட்டில் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று கேட்டபோது எனக்கு ஆச்சரியம். கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள், மேலே இருப்பவர் போ என்றால் மறுபேச்சில்லாமல் பெட்டியைக் கட்டுகிறவர்கள், அந்த மேலே இருப்பவரை நீங்களே ஓட்டுப் போட்டு உட்கார வைக்கிறீர்கள். ஆனால் யாரும் நிற்பதில்லை. வேட்பாளர் கிடையாது. பேச்சு கிடையாது. 'எனக்குப் போடு' என்று கேட்பது பாவத்துக்குப் பக்கத்து வீடு. ஜெபம் பண்ணிவிட்டு, மௌனமாக இருந்துவிட்டு, மனத்தில் படும் பெயரை எழுதிப் போடவேண்டும். யார் பெயர் வருகிறதோ அவர் அதைக் கடவுளின் சித்தம் என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்த வழக்கத்தை அப்படியே வேரோடு பிடுங்கிவந்து, ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை உள்ள நம் பிள்ளைகள் நடுவில் நட்டீர்கள்.

பள்ளி முழுக்க மைதானத்தில் உட்கார்ந்து கண்ணை மூடியது. வல்லத்துப் பிள்ளை ஒருத்தி உட்கார்ந்தபடியே தூங்கிப்போய்ப் பக்கத்துப் பிள்ளை மேல் சாய்ந்தாள். பிறகு வகுப்புக்குப் போய்ச் சீட்டு எழுதினார்கள். நூலக அறையில் நாம் இருவரும் பெட்டியைக் கவிழ்த்துச் சீட்டுகளைப் பிரித்தோம். ஆறாம் வகுப்புப் பொடிசுகள் பாதிப் பேர் உங்கள் பெயரையே எழுதியிருந்தார்கள். என் பெயரும் இரண்டொரு சீட்டில் இருந்தது, அதை உங்கள் மூக்குக்கு முன்னால் ஆட்டிக் காட்டினேன். மாதாவுக்கு நல்ல ஓட்டு விழுந்திருந்தது.

"மாதா டெபாசிட் வாங்கிட்டாங்க சிஸ்டர்" என்றேன். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ளும்வரை சிரித்தீர்கள்.

கடைசியில் ஜெயித்தவள் பத்தாம் வகுப்பு ஓட்டக்காரி. மாவட்டப் போட்டியில் கோப்பை வாங்கியதால் எல்லோருக்கும் தெரிந்த முகம் அவளுடையதுதான். கூப்பிட்டுச் சொன்னதும் அவள் அழுதாள். "எனக்கு வேணாம் சிஸ்டர். எனக்குப் பேசல்லாம் வராது" என்றாள். நீங்கள் அவள் தலையில் கை வைத்து, "ஆண்டவர் உன்னைக் கேக்கிறாரு, நீ முடியாதுன்னு சொல்லலாமா?" என்றீர்கள். பாவம், அந்த வருஷம் முழுக்க மைக்கைக் கண்டாலே அவளுக்கு வயிற்று வலி வந்தது. ஓடச் சொன்னால் கோட்டையைச் சுற்றி ஓடிவிட்டு வருவாள், நன்றியுரை சொல்லச் சொன்னால் பெஞ்சில் படுத்துக்கொள்வாள்.

மறு வருஷம் பத்தாம் வகுப்பில் குடிமையியல் நடத்திக்கொண்டிருந்தேன். தேர்தல் பாடம். தளவானூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் பரிமளா எழுந்தாள். அவள் அப்பா மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை மூட்டை தூக்குகிறவர், உங்கள் ஊர்ப் பேச்சில் கடலை மூட்டை. வகுப்பில் வாயே திறக்காத பெண்.

"மிஸ், புக்ல வேட்பாளர்னு போட்டுருக்குது. நம்ப ஸ்கூல்ல மட்டும் ஏன் யாரும் நிக்கக் கூடாது?"

"ஏன், நீ நிக்கப் போறியா?" என்றேன் விளையாட்டாக.

"ஆமா மிஸ். நிக்கணும்."

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. இடைவேளையில் அவளை உங்கள் அறைக்கு அழைத்து வந்தேன். நீங்கள் அன்பாகத்தான் ஆரம்பித்தீர்கள்.

"உனக்கு எதுக்கும்மா அது?"

"எனக்கு வேணும் சிஸ்டர்."

உங்கள் முகம் மாறியது. "தனக்கு வேணும்னு கேக்கிறவங்களுக்குப் பதவியக் குடுக்கக் கூடாதும்மா. உனக்குத் தகுதி இருந்தா மத்த பிள்ளைகளே உன் பேரை எழுதுவாங்க. தாழ்ச்சியா இரு."

பரிமளா தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னாள், ஆனால் சொன்னாள்: "எங்கம்மா வார்டு மெம்பருக்கு நின்னப்போ வீடு வீடாப் போயி கேட்டாங்க சிஸ்டர். கேட்டாத்தான போடுவாங்க? கேக்கிறது தப்பா?"

"கிளாஸுக்குப் போ" என்றீர்கள்.

அவள் போனதும் நமக்குள் நடந்ததைச் சண்டை என்றுதான் சொல்லவேண்டும். வாசலில் நின்ற ஆயாம்மா டீயை உள்ளே கொண்டுவராமல் அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு போனார்.

"இன்னா சிஸ்டர், புள்ள சரியாத்தான கேட்டா?"

"டீச்சர், இது கன்னியர் நடத்துற பள்ளி. நாந்தான் ஒசத்தின்னு மேடையேறிச் சொல்லவா பிள்ளைகளப் பழக்குறது?"

"நாந்தான் ஒசத்தின்னு அவ சொல்லல. நான் செய்யறேன்னு சொல்றா. ரெண்டும் ஒண்ணா?"

"வெளிய நடக்கிறதப் பாக்கிறீங்கள்ல? ஓட்டுக்காகக் கும்பிடுறதும் கால்ல விழுறதும்."

"பாக்கறேன். அதுக்காக யாரும் வாயே தொறக்கக் கூடாதுன்னா எப்டி? உங்க மடத்துல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், ஒரே பானைச் சோறு. இங்க பஸ்ல வந்து பஸ்ல போறவள யாருக்குத் தெரியும்? கேக்காத தேர்தல்ல தெரிஞ்ச மூஞ்சிதான் ஜெயிக்கும். போன வருஷம் பாத்தோமே."

நீங்கள் மேஜை மேல் இருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தீர்கள். ஏற்கெனவே அடுக்கி வைத்த காகிதங்கள். அதற்கப்புறம் சில நாட்கள் நீங்கள் ஜன்னலோரம் வரவில்லை. நானும் உங்கள் அறைப்பக்கம் போகவில்லை, எனக்கும் ரோஷம் உண்டு. எனக்கு உண்மையில் கவலை பரிமளாவைப் பற்றித்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெண் தன் வாயால் எனக்கு வேணும் என்று சொல்லியிருக்கிறாள். அதற்குக் கிடைத்த பதில், பெருமை பிடிக்காதே என்பது. அந்தப் பாடம் மனத்தில் நின்றுவிட்டால் நான் நடத்தும் குடிமையியல் எல்லாம் மார்க்குக்குத்தான் ஆகும்.

பிறகு ஒருநாள் நீங்களே இரண்டு டம்ளர் டீயோடு வந்தீர்கள்.

"காலை ஜெபத்துல உக்காந்திருந்தேன் டீச்சர். அங்க நான் என்ன பண்றேன்னு கவனிச்சா, கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். மழை வேணும், வகுப்பறைக்குக் கூரை வேணும், மடத்துல படுத்திருக்கிற சிஸ்டருக்குச் சுகம் வேணும். விடிஞ்சதுலருந்து கேக்கிறவ நான். ஒரு பிள்ளை வந்து கேட்டா அதப் பெருமைங்கிறேன்." டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "நிக்கட்டும். ஆனா மிட்டாய் குடுத்து ஓட்டுக் கேட்டா பேரை எடுத்துருவேன்" என்றீர்கள்.

நின்றவர்கள் இரண்டு பேர். பரிமளாவும், விடுதிப் பெண் ஸ்டெல்லாவும். ஸ்டெல்லா நன்றாகப் பாடுவாள், எல்லோரிடமும் சிரித்துப் பேசுவாள். பேச்சு நாளன்று அவள் விளையாட்டு விழாவை இரண்டு நாள் நடத்துவதாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கினாள். அடுத்து பரிமளா வந்தாள். மைக் அவள் உயரத்துக்கு மேலே இருந்தது. அதை இறக்கத் தெரியாமல் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு பேசினாள்.

"எங்க ஊருக்குக் காலைல ஒரே பஸ்ஸுதான் வருது. அது லேட்டானா நாங்க இன்னா பண்றது? லேட்டா வந்தா பிரேயர் முடியிற வரைக்கும் கேட்டாண்ட வெயில்ல நிக்கச் சொல்றாங்க. மறுபடி லேட்டானா நைனாவக் கூட்டியாரச் சொல்றாங்க. எங்க நைனா மூட்டை தூக்குறாரு. ஸ்கூலுக்கு வந்து நின்னா அன்னிக்குக் கூலி போச்சு. பஸ்ஸு லேட்டானதுக்கு எங்க நைனா இன்னா பண்ணுவாரு? நான் எஸ்.பி.எல். ஆனா மொதல்ல இதத்தான் சிஸ்டர்கிட்ட கேப்பேன். எனக்கு ஓட்டுப் போடுங்க."

தாமதமாக வருகிறவர்களை வாசலில் நிறுத்தும் விதி நீங்கள் கொண்டு வந்தது. மூத்த சிஸ்டர் ஒருவர் உங்கள் பக்கம் சாய்ந்து, "மைக்க ஆஃப் பண்ணச் சொல்லுங்க" என்றது என் காதிலேயே விழுந்தது. உங்கள் காது மடல் சிவந்திருந்தது. "பேசட்டும். முடிக்கட்டும்" என்றீர்கள். அவள் முடித்துவிட்டு இறங்கியதும் பின்வரிசையில் பஸ் பிள்ளைகள் கைதட்டினார்கள். நீங்களும் தட்டினீர்கள், கொஞ்சம் தாமதமாக.

பரிமளா தோற்றாள். நல்ல வித்தியாசத்தில்தான் தோற்றாள். விடுதிப் பிள்ளைகளும் டவுன் பிள்ளைகளும் ஸ்டெல்லாவுக்குப் போட்டிருந்தார்கள். சாயங்காலம் தண்ணீர்க் குழாயருகே முகம் கழுவிக்கொண்டிருந்தவளைப் பார்த்தேன். கண் சிவந்திருந்தது.

"நாளைக்கு வருவல்ல?" என்றேன்.

"வராம? லேட்டா வந்தா கேட்டாண்ட நிக்கணுமே மிஸ்" என்றாள்.

உங்கள் மடத்து வழக்கத்தில் ஒன்றை மட்டும் நீங்கள் விடவில்லை. தேர்தல் முடிந்ததும் ஒவ்வொரு சிஸ்டரும் புதிய மதரிடம் போய் வணக்கம் சொல்வார்களாம். அதுபோல, தலைவிக்கு பேட்ஜ் குத்தும் அன்று தோற்றவள்தான் முதலில் போய் வாழ்த்துச் சொல்லவேண்டும் என்றீர்கள். பரிமளா போய்க் கையைக் குலுக்கிவிட்டுக் குனிந்து, "பஸ்ஸு மேட்டர மறந்துடாதடி" என்றாள். ரகசியமாகத்தான் சொன்னாள். மைக் பக்கத்திலேயே இருந்ததால் பள்ளி முழுக்கக் கேட்டது. கைகொட்டிச் சிரித்தார்கள். ஸ்டெல்லா மறக்கவும் இல்லை. முதல் மாணவர் மன்றக் கூட்டத்திலேயே எழுப்பினாள், பிள்ளைகள் கை தூக்கினார்கள், நீங்கள் விதியை எடுத்தீர்கள். பஸ் பிள்ளைகள் எப்போது வந்தாலும் நேராக வரிசையில் வந்து நிற்கலாம், அப்பாவை அழைக்க வேண்டியதில்லை.

"உங்க ரூலையே தோக்கடிச்சுட்டாளுங்க" என்று சீண்டினேன்.

"தோத்தது ரூலு டீச்சர், நான் இல்ல. ரெண்டும் ஒண்ணா?" என்றீர்கள்.

அப்புறம் ஒரு மே மாதம் உங்களுக்கு மாற்றல் கடிதம் வந்தது. உங்கள் சபையில் அது வழக்கம்தான். வந்த இரண்டாம் நாள் பெட்டி கட்டித் தயாராகிவிடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் பெட்டி அலமாரி மேலேயே இருந்தது. பள்ளி விடுமுறை. அட்மிஷன் வேலைக்காக நான் வந்திருந்தேன். ஜன்னலோரம் நின்றபோது மெதுவாகச் சொன்னீர்கள்.

"டீச்சர், மதருக்கு லெட்டர் போட்டிருக்கேன். இன்னும் ஒரு வருஷம் இங்கயே இருக்க விடுங்கன்னு."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். "காரணம் இன்னா எழுதுனீங்க? கூரை வேலை பாக்கின்னா?"

"அப்படி எழுதலாம்னுதான் உக்காந்தேன். அப்புறம் பொய் எதுக்குன்னு விட்டுட்டேன். எனக்கு இந்த ஊரு பிடிச்சிருக்கு, இருக்க ஆசையா இருக்குன்னு எழுதினேன்."

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான். மடத்துல சேந்ததுலருந்து எனக்குன்னு ஒண்ணு கேட்டதே இல்ல டீச்சர். எப்படிக் கேக்கிறதுன்னே தெரியல. அந்தப் பிள்ளை கேட்ட மாதிரி கேட்டுட்டேன்."

சொல்லிவிட்டுச் சின்னப் பெண்போல வெட்கப்பட்டீர்கள். நான் டீ ஆறிப்போய்விட்டதென்று ஆயாம்மாவைக் கூப்பிட்டேன்.

பதில் சீக்கிரமே வந்தது. போகத்தான் வேண்டும் என்று இருந்தது. "ஓட்டு விழல டீச்சர்" என்று சொல்லிவிட்டு நாற்காலி போட்டு ஏறி அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கினீர்கள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். உங்களுக்குக் கோபம் இல்லை. எனக்கு இருந்தது, இன்னும் இருக்கிறது. தோற்றவள் மறுநாள் வந்து வரிசையில் நிற்கவேண்டும் என்பதை நான் பாடமாக நடத்துகிறேன். நீங்கள் அந்தப் பெட்டியைத் தூசி தட்டியபோதுதான் அது எவ்வளவு கடினம் என்று பார்த்தேன்.

பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் வண்டி கிளம்பத் தயாராக நின்றது. படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பி, "நான் கேட்டது அதிகமோ டீச்சர்?" என்றீர்கள். கண்டக்டர் விசில் அடித்தார். "ஏறுங்க சிஸ்டர், ஜன்னல் சீட்டு போயிடும்" என்றேன். உங்களுக்கு ஜன்னல் சீட்டு கிடைத்தது. வண்டி திரும்பும்வரை கையை ஆட்டினீர்கள்.

அதற்கப்புறம் போனில் எத்தனையோ பேசினோம். சர்க்கரை, மூட்டு வலி, புதுப் பாடப்புத்தகம், பரிமளா நர்சிங் முடித்தது. அந்தக் கேள்வியை நீங்கள் மறுபடி கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை. போன மழைக்காலத்தில் வேறொரு சிஸ்டர் போன் செய்து நீங்கள் போய்விட்டீர்கள் என்றார். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. மீதிப் பாடத்தை நடத்திவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

நம் பள்ளியில் தேர்தல் இன்னும் நடக்கிறது. ஒவ்வொரு ஜூனிலும் யார் நிற்கிறீர்கள் என்று கேட்டால் பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவளைத்தான் கை காட்டுகிறார்கள். "அவளச் சொல்லாத. உனக்கு வேணும்னா வாயத் தொறந்து கேளு. இல்லன்னு சொன்னா மறுநா பிரேயருக்கு வந்து நில்லு" என்கிறேன். வீட்டிலும் இப்போது கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யாரும் என்னை எழுப்பக் கூடாது என்று கேட்டு வாங்கியிருக்கிறேன். சில வாரம் கிடைக்கிறது, சில வாரம் யாராவது காபி கேட்டு எழுப்பிவிடுகிறார்கள். முன்பெல்லாம் கேட்காமலே முணுமுணுப்பேன்.

நீங்கள் கேட்டது ஒரு வருஷம். பிடித்த ஊரில், பிடித்த ஜன்னலோரம் நின்று, காலில் வலியோடு டீ குடிக்க இன்னும் ஒரு வருஷம். அன்றைக்கு பஸ் படியில் சொல்லியிருக்கவேண்டியதை இப்போது சொல்கிறேன். அதிகமில்லை சிஸ்டர். நீங்கள் கேட்டது அதிகமே இல்லை.